வாசகர் கேள்வி – பதில்: சூரியனில் இருட்டாகத் தெரிவது என்ன?

‘சூரியனில் ஓட்டை’ என்ற படம் கைபேசிகளில் சுற்றத் தொடங்கியதிலிருந்து அதையொட்டியே நிறையக் கடிதங்கள். எல்லாவற்றையும் சேர்த்து இந்த முறை ஒரே பொருளில் பதில்: கரோனா துளைகள். (நோய்க்கு வைத்த அதே பெயர்தான். லத்தீனில் கரோனா என்றால் மகுடம். சூரியனைச் சுற்றியுள்ள வெளி வளிமண்டலத்துக்கு அந்தப் பெயர் நோய்க்கு வெகு காலம் முன்பே வந்துவிட்டது.)

“60 பூமிகளை வரிசையாக வைக்கும் அகலத்துக்குச் சூரியனில் ஓட்டை விழுந்துவிட்டதாகப் படம் வருகிறது. சூரியன் அணைகிறதா? வீட்டில் பெரியவர்கள் பயப்படுகிறார்கள்.” – வாசகர், மதுரை

பெரியவர்களிடம் முதலில் சொல்ல வேண்டியது: சூரியனின் மேற்பரப்பில் பள்ளமோ ஓட்டையோ விழவில்லை. படம் உண்மையானதுதான். 2023 டிசம்பர் தொடக்கத்தில், சூரியனின் நடுக்கோட்டை ஒட்டிச் சுமார் 8 லட்சம் கி.மீ. அகலத்தில் ஒரு கரோனா துளை தெரிந்தது. பூமியின் விட்டம் ஏறக்குறைய 12,700 கி.மீ.; வகுத்துப் பார்த்தால் 60-க்குச் சற்று மேலே வரும். அந்தத் துளையால் பெரிய காந்தப் புயல் (பூமியின் காந்தப்புலத்தில் ஏற்படும் கலக்கம்) எதுவும் வரவில்லை.

நாம் தினமும் பார்க்கும் வெயில் ஒளிக்கோளம் என்ற அடுக்கிலிருந்து வருகிறது. அதன் வெப்பம் சுமார் 5,500 டிகிரி செல்சியஸ். துளை இருப்பது அதற்கு மேலே, கரோனாவில். துளை தெரிந்த அதே நாளில் சாதாரண ஒளியில் எடுத்த படத்தைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்: அந்த இடத்தில் சூரியன் கொஞ்சமும் மங்காமல் இருக்கும். புறஊதாக் கதிரிலோ எக்ஸ் கதிரிலோ எடுத்த படத்தில்தான் இருட்டு தெரியும்.

ஏன் இருட்டு என்றால், காரணம் காந்தப்புலம். கரோனாவின் பெரும்பகுதியில் காந்தப்புலக் கோடுகள் மேற்பரப்பிலிருந்து எழும்பி, வளைந்து, மீண்டும் மேற்பரப்புக்கே திரும்புகின்றன. மின்னேற்றம் பெற்ற வாயு அந்தக் கோடுகளைக் கடந்து குறுக்கே போக முடியாது. பட்டியில் அடைத்த ஆடுகளைப் போல உள்ளேயே நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும். துளைப் பகுதியில் கோடுகள் திரும்பி வருவதில்லை, நேரே விண்வெளிக்குப் போய்விடுகின்றன. பட்டியின் வாசல் திறந்தே கிடக்கிறது. வாயு விடாமல் வெளியேறுவதால் (இதுதான் சூரியக் காற்று) அங்கே அடர்த்தி குறைந்துபோகிறது. கரோனாவின் ஒளிர்வோ அடர்த்தியின் இருமடிக்கு ஏற்ப மாறும். அடர்த்தி பாதியானால் ஒளி கால் பங்காகும், மூன்றில் ஒன்றானால் ஒன்பதில் ஒன்றாகும். அடர்த்தியில் சிறிய குறைவுகூடப் படத்தில் கன்னங்கரேலென்று விழுவது இதனால்தான்.

“குளிர்ந்த பகுதி என்று படித்தேன். எவ்வளவு குளிர்ச்சி?” – பள்ளி ஆசிரியை, தஞ்சாவூர்

சுமார் 10 லட்சம் டிகிரி! சுற்றியுள்ள அமைதியான கரோனா 15 முதல் 20 லட்சம் டிகிரி இருப்பதால், அதோடு ஒப்பிட்டுத்தான் ‘குளிர்ந்த’ என்கிறோம். வகுப்பில் சொல்லும்போது சூரியப் புள்ளியோடு இதைக் குழப்பிக்கொள்ளாமல் பிரித்துக் காட்டுங்கள். சூரியப் புள்ளி ஒளிக்கோளத்தில் இருப்பது. வலுவான காந்தப்புலம் கீழிருந்து வரும் வெப்பத்தைத் தடுப்பதால் 3,500 – 4,000 டிகிரிக்கு இறங்கிக் கறுத்துத் தெரிவது. கரோனா துளையின் அடியில் காந்தப்புலம் வலுக்குறைந்தது, ஆனால் பெரும்பாலும் ஒரே துருவத்தன்மை கொண்டது. பெரிய சூரியப் புள்ளிக் கூட்டத்துக்கு மேலே கரோனா பளிச்சென்று ஒளிரும். இரண்டுமே கறுப்பாகத் தெரிந்தாலும் காரணங்கள் நேர் எதிரானவை.

“சூரியனின் படத்தைப் பார்த்து, அதன் காற்று எப்போது பூமிக்கு வரும் என்று நாமே கணக்கிட முடியுமா? செய்முறையாகச் சொல்லுங்கள்.” – இயற்பியல் மாணவி, திருநெல்வேலி

முடியும். இணைய இணைப்பும் ஒரு நோட்டும் போதும்.

2010 பிப்ரவரியில் ஏவிய எஸ்.டி.ஓ. என்ற நாசா விண்கலம் சூரியனைத் தொடர்ந்து படமெடுக்கிறது. அதில் 193 ஆங்ஸ்ட்ராம் (ஒளியின் அலைநீளத்தை அளக்கும் அலகு) என்று குறித்த படத்தை எடுங்கள். 11 எலெக்ட்ரான்களை இழந்த இரும்பு அணுக்கள், 12 லட்சம் டிகிரி வாக்கில் வெளியிடும் புறஊதாக் கதிர் அது. செம்பழுப்பு நிறம் நாம் பூசியது, கதிருக்கு நிறமில்லை. படத்தில் வடக்கு மேலே, கிழக்கு இடது பக்கம். சூரியன் சுழல்வதால் எல்லாமே இடமிருந்து வலமாக நகரும், ஒரு நாளைக்கு ஏறத்தாழ 13 பாகை.

இருண்ட பகுதியைக் கண்டதும் ‘துளை’ என்று எழுதிவிடாதீர்கள். ஆரம்பத்தில் எல்லோரும் சறுக்குவது இந்த இடத்தில்தான். சூரிய இழைகளும் 193 படத்தில் கறுப்பாகவே தெரியும். அவை கரோனாவில் தொங்கும் அடர்ந்த வாயுக் கற்றைகள். வெப்பம் 10,000 டிகிரி அளவுதான் என்பதால் பின்னாலிருந்து வரும் புறஊதாவை விழுங்கிவிடுகின்றன. பிரித்தறிய அதே நேரத்துக் காந்தப்புல வரைபடத்தைத் திறந்து வையுங்கள். அதில் வெள்ளை என்றால் வெளிநோக்கிய புலம், கறுப்பு என்றால் உள்நோக்கியது. இருண்ட பகுதிக்கு அடியில் ஏதேனும் ஒரு நிறம் தெளிவாக மிகுந்திருந்தால் துளை. வெள்ளையும் கறுப்பும் சந்திக்கும் எல்லைக்கோட்டின் மேலே நீளமாகப் படுத்திருந்தால் இழை. 304 ஆங்ஸ்ட்ராம் படத்திலும் சரிபார்க்கலாம்: இழை அதிலும் அழுத்தமாகத் தெரியும், துளை பெரும்பாலும் மங்கிப்போகும். மூன்றாவதாக ஒன்று உண்டு. பெரிய வெடிப்புக்குப் பின் சில மணி நேரம், சமயத்தில் ஓரிரு நாள் மட்டும் தோன்றும் இருட்டு அது. முந்தின நாள் படத்தில் அது இருந்ததா என்று பார்த்தாலே தெரிந்துவிடும்.

அடுத்து இடம். நடுக்கோட்டுக்கு வடக்கிலோ தெற்கிலோ 30 பாகைக்குள் இருக்கும் துளையின் காற்றே பெரும்பாலும் நம்மை எட்டும். துருவத்தை ஒட்டியே நிற்கும் துளையின் காற்று பூமிக்கு மேலேயோ கீழேயோ போய்விடும். அதிலிருந்து ஒரு கரம் நடுக்கோடு நோக்கி நீண்டிருந்தால் மட்டும் கணக்கில் சேருங்கள். மார்ச் தொடக்கத்தில் சூரியனின் தென் துருவமும் செப்டம்பர் தொடக்கத்தில் வட துருவமும் 7 பாகைக்குச் சற்று மேல் நம் பக்கம் சாய்ந்திருக்கும். அந்தந்த மாதங்களில் அந்தந்தத் துருவத்துத் துளைகளையும் கவனியுங்கள்.

இப்போது நாள் கணக்கு. துளையின் வலது ஓரம், அதாவது முன்னோடும் விளிம்பு, வட்டின் நடுச் செங்குத்துக் கோட்டைத் தொடும் நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். பூமி 15 கோடி கி.மீ. தொலைவில் இருக்கிறது. காற்று வினாடிக்கு 600 கி.மீ. வேகத்தில் வந்தால் 2,50,000 வினாடி ஆகும், ஏறக்குறைய 69 மணி நேரம். திங்கள் காலை 6 மணிக்கு விளிம்பு அந்தச் செங்குத்துக் கோட்டைத் தொட்டால் வியாழன் அதிகாலை 3 மணி. வேகம் 750 கி.மீ. என்றால் புதன் மதியமே வந்துவிடும். 400 கி.மீ. மட்டுமே என்றால் வெள்ளி மதியம் வரை காத்திருக்க வேண்டும். ஆகவே நோட்டில் ஒரே நேரத்தை எழுதாமல் ‘புதன் மதியம் முதல் வெள்ளி மதியம் வரை’ என்று எழுதுங்கள். பெரிய துளையென்றால் வேகக் காற்று, சிறியதென்றால் மெதுவான காற்று என்பது பொதுவாகப் பொருந்தும்.

வந்துவிட்டதா என்று அறிய, நம்மிலிருந்து சூரியன் பக்கமாக 15 லட்சம் கி.மீ. தள்ளி எல்-1 புள்ளியில் நிற்கும் ஏஸ் போன்ற விண்கலங்களின் வரைபடம் இருக்கிறது. வேகக்கோடு மட்டும் ஏறுவதைப் பார்த்துக்கொண்டிருந்தால் பாதி விஷயம் தவறிவிடும். வேகமான காற்று, தனக்கு முன்னால் போகும் மெதுவான காற்றை முட்டித் தள்ளி நெருக்குவதால், முதலில் உயர்வது அடர்த்திதான். கன சென்டிமீட்டருக்கு 5 துகள் அளவில் இருந்தது 20, 30 வரை போகும். கூடவே காந்தப்புலத்தின் மொத்த வலிமையும் ஏறும். பிறகு அடர்த்தி விழ விழ வேகம் 350-லிருந்து 600, 700 என்று ஏறி, சில நாள் அங்கேயே நிற்கும். இந்த வரிசையில் நடந்தால் கரோனா துளையின் காற்று என்று எழுதலாம். வேகமும் அடர்த்தியும் காந்தப்புலமும் ஒரே நொடியில் செங்குத்தாகத் தாவினால் பெரும்பாலும் அது ஒரு வெடிப்பின் அதிர்ச்சி அலை. எல்-1-இல் பதிவானது பூமியைத் தொட, 500 கி.மீ. வேகத்தில் இன்னும் 50 நிமிடம்.

கணக்கு சரியாக இருந்தும் காந்தப் புயல் வராமல் போகலாம். காற்றோடு வரும் காந்தப்புலம் தெற்கு நோக்கினால்தான் பூமியின் காந்தப்புலத்தோடு பிணைந்து ஆற்றலை உள்ளே விடும். வடக்கு நோக்கினால் அதே 700 கி.மீ. காற்று பெரிதாக எதுவும் செய்யாமல் கடந்துபோகும். இதில் பருவமும் உண்டு. 1973-இல் ரஸ்ஸல், மெக்பெரான் இருவரும் விளக்கியது இது: மார்ச் வாக்கில் உள்நோக்கிய புலம் கொண்ட துளைகளும் செப்டம்பர் வாக்கில் வெளிநோக்கிய புலம் கொண்டவையும் கூடுதலாகப் பாதிக்கும். ஒவ்வொரு துளைக்கும் புலத்தின் திசையையும் நோட்டில் எழுதச் சொல்வது அதற்காகத்தான்.

எழுதியதை 27 நாள் கழித்துத் திருப்பிப் பாருங்கள். அதே துளை பெரும்பாலும் அதே இடத்தில் மீண்டும் வந்து நிற்கும்.

“அந்த 27 நாள் கணக்கை முதலில் யார் கண்டுபிடித்தார்கள்?” – வாசகர், யாழ்ப்பாணம்

துளையைக் காண்பதற்கு முன்பே அதன் தாளத்தைக் கண்டுவிட்டார்கள். பூமியின் காந்தப்புலக் கலக்கங்கள் 27 நாளுக்கு ஒருமுறை திரும்ப வருவதைக் கிரீனிச் வானாய்வகத்தின் மாண்டர் 1904-இல் எடுத்துக்காட்டினார். சூரியன் நம் பார்வையில் ஒரு சுற்றுச் சுற்ற எடுத்துக்கொள்ளும் காலமும் அதுவே. காரணமான இடத்தைச் சூரியனில் தேடியபோது அங்கே புள்ளியும் இல்லை, வேறு எதுவும் இல்லை. ஜெர்மனியின் யூலியஸ் பார்ட்டல்ஸ் 1932-இல் அந்தக் காணாத இடங்களுக்கு ‘எம் பகுதிகள்’ என்று பெயர் மட்டும் வைத்தார். 1950-களில் சுவிட்சர்லாந்தின் மாக்ஸ் வால்ட்மையர், செயற்கையாகக் கிரகணம் உண்டாக்கும் கரோனாமானியில் 5303 ஆங்ஸ்ட்ராம் பச்சைக் கோட்டைத் தொடர்ந்து அளந்து, ஒளி அற்றுப்போன இடங்களைக் கண்டு ‘துளை’ என்று எழுதினார். ஆனால் விளிம்பில் மட்டுமே பார்க்க முடிந்த அவருக்கு அதன் முழு உருவம் கிடைக்கவில்லை. 1970 நவம்பர் 24 அன்று ராக்கெட்டில் அனுப்பிய கருவி எடுத்த எக்ஸ் கதிர்ப் படத்தில் இருந்த துளையையும், அப்போது பதிவான வேகக் காற்றையும் கிரீகர், டிமத்தி, ரோலோஃப் மூவரும் 1973-இல் இணைத்துக் காட்டினார்கள். அதே ஆண்டு பறந்த ஸ்கைலாப் விண்வெளி நிலையம் மாதக்கணக்கில் எடுத்த படங்கள் அதை உறுதிசெய்தன. காணாத பகுதிக்குப் பெயர் வைத்ததிலிருந்து அதை நேரில் பார்க்க ஏறக்குறைய 40 ஆண்டு பிடித்திருக்கிறது.

“4 அங்குலத் தொலைநோக்கியும் சூரிய வடிகட்டியும் வாங்கியிருக்கிறேன். துளை தெரியவே இல்லை. வடிகட்டியில் கோளாறா?” – வாசகர், கோவை

கோளாறு இல்லை. அந்த வடிகட்டி ஒளிக்கோளத்தைக் காட்டும், சூரியப் புள்ளிகளுக்கு அருமையானது. ஹைட்ரஜன்-ஆல்ஃபா வடிகட்டி வாங்கினாலும் நிறக்கோளமும் (ஒளிக்கோளத்துக்கு மேலுள்ள அடுக்கு) இழைகளும்தான் கிடைக்கும். துளையைக் காட்டும் புறஊதாவை நம் வளிமண்டலம் மேலேயே விழுங்கிவிடுவதால் தரையிலிருந்து எந்தப் பணத்துக்கும் அது கிடைக்காது. தரையிலிருந்து பார்க்க ஆய்வகங்களுக்கு ஒரு சுற்றுவழி உண்டு: ஹீலியத்தின் 10830 ஆங்ஸ்ட்ராம் அகச்சிவப்புக் கோடு. கரோனாவின் கதிர் பட்டுத்தான் ஹீலியம் அந்தக் கோட்டில் ஒளியை உறிஞ்சும் நிலைக்கு வரும். துளைக்கு அடியில் அந்தக் கதிர் குறைவு, உறிஞ்சலும் குறைவு. அதனால் எக்ஸ் கதிர்ப் படத்தில் கறுப்பாக இருக்கும் துளை இதில் சற்று வெளுப்பாகத் தெரியும். ஒன்று மட்டும்: வடிகட்டியை எப்போதும் குழாயின் முன்வாயில் மாட்டுங்கள். கண் வைக்கும் பக்கம் திருகும் சிறு வடிகட்டி குவிந்த வெயிலில் வெடித்துவிடும், பார்வை போய்விடும்.

“இதனால் நம் ஊரில் மின்சாரம், டி.வி., செல்போன் பாதிக்குமா?” – வாசகர், தூத்துக்குடி

செல்போனுக்கும் மின்சாரத்துக்கும் பயப்பட வேண்டாம். 1989 மார்ச் 13 அன்று கனடாவின் கியூபெக் மாகாணத்தை 9 மணி நேரம் இருட்டாக்கியது சூரியனிலிருந்து வெடித்து வந்த வாயுத்திரள்; கரோனா துளைக் காற்று அந்த ரகம் கிடையாது. புயல் அளவுகோலில் ஜி-1 முதல் ஜி-5 வரை உண்டு. துளைக் காற்று பெரும்பாலும் ஜி-1, ஜி-2-ஓடு நிற்கும், எப்போதாவது ஜி-3. ஆனால் வெடிப்பின் புயல் ஓரிரு நாளில் ஓய்ந்துவிடும். இது நாலைந்து நாள், ஒரு வாரம் என்று விடாமல் வீசும்.

அந்த விடாப்பிடிதான் செயற்கைக்கோள்களுக்குத் தொந்தரவு. காற்று வந்து ஒன்றிரண்டு நாளில் புவிநிலைச் சுற்றுப்பாதையில் மிகுவேக எலெக்ட்ரான்கள் பெருகுகின்றன. அவை கோளின் உலோக உறையைத் துளைத்து உள்ளே மின்காப்புப் பொருள்களில் தங்கும். நாள்கணக்கில் சேர்ந்த மின்னேற்றம் ஒரு கட்டத்தில் பொறியாகப் பாய்ந்து மின்னணுச் சுற்றைக் கெடுக்கும். 1994 ஜனவரி 20 அன்று கனடாவின் அனிக் இ-1, அனிக் இ-2 இரண்டும் சில மணி நேர இடைவெளியில் நிலைதடுமாறின. முதல் கோளை அன்றே மீட்டார்கள், இரண்டாவதை மீட்க மாதங்கள் ஆயின. அதற்கு முந்தைய நாள்களில் வீசியது இப்படியொரு வேகக் காற்றுதான். பின்னர் வடிவமைக்கும் கோள்களுக்குக் கவசமும் நில இணைப்பும் இதைக் கணக்கில் வைத்தே செய்கிறார்கள்.

தாழ்வாகச் சுற்றும் கோள்களுக்கு வேறு சிக்கல். காற்று வரும்போதெல்லாம் பூமியின் மேல் வளிமண்டலம் சூடாகிப் பெருத்து, கோளின் மேல் இழுவை கூடும். 2005-இல் சூரியனில் மூன்று துளைகள் ஏறக்குறைய 120 பாகை இடைவெளியில் நின்றன. 27-ஐ மூன்றால் வகுங்கள்: 400 கி.மீ. உயரத்தில் காற்றின் அடர்த்தி 9 நாளுக்கு ஒருமுறை கூடிக் குறைந்ததை ஜெர்மனியின் சாம்ப் செயற்கைக்கோள் பதிவு செய்தது.

துருவ ஒளி நம் ஊரில் தெரியாது. 2024 மே மாதம் லடாக்கின் ஹான்லேயில் வானம் சிவந்ததும் வெடிப்புகளால்தான். ஆனால் கருவிக்குத் தெரியும். உங்களுக்குப் பக்கத்தில், திருநெல்வேலி கிருஷ்ணாபுரத்தில், காந்த நடுக்கோட்டை ஒட்டி இந்தியப் புவிகாந்தவியல் நிறுவனத்தின் ஆய்வகம் இருக்கிறது. புயல் நாள்களில் அங்குள்ள காந்தமானியின் கோடு இறங்குவது பதிவாகும்.

“வாயு எப்படி இவ்வளவு வேகமாக வெளியேறுகிறது? ஈர்ப்பு பிடித்து வைக்காதா?” – பொறியாளர், சென்னை

கரோனா அத்தனை சூடாக இருந்தால் அது அசையாமல் நிற்க முடியாது, ஒலியை விஞ்சும் வேகத்தில் விண்வெளிக்குப் பாய்ந்தே ஆக வேண்டும் என்று 1958-இல் யூஜின் பார்க்கர் கணக்கிட்டுக் கட்டுரை அனுப்பினார். மதிப்பீடு செய்த இருவரும் வேண்டாம் என்று எழுதினார்கள். அந்த ஆய்விதழின் ஆசிரியர், சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த சுப்பிரமணியன் சந்திரசேகர். முடிவு அவருக்கும் பிடிக்கவில்லைதான். ஆனால் மறுத்தவர்கள் கணக்கில் ஒரு பிழையையும் சுட்டவில்லை என்பதைக் கண்டு கட்டுரையை அச்சிட்டார். நல்ல பதிப்பாசிரியர் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

ஆனால் வெப்பத்தின் அழுத்தம் மட்டும் வினாடிக்கு 750 கி.மீ.யைத் தராது. யுலிசீஸ் விண்கலம் 1994 – 95-இல் சூரியத் துருவங்களின் மேலே பறந்து அளந்த வேகம் அது. மீதி உந்துதல் காந்தப்புலத்திலிருந்து வருகிறது. பார்க்கரின் பெயர் தாங்கி 2018-இல் கிளம்பிய விண்கலம் துளைக்கு மேலே நெருங்கிப் பறந்தபோது, காற்று ஒரே சீராக இல்லாமல் தாரை தாரையாக வருவதைக் கண்டது. தாரைகளின் இடைவெளி, மேற்பரப்பில் சுமார் 30,000 கி.மீ. அகலத்தில் கொதிக்கும் வாயுக் கலங்களின் இடைவெளியோடு பொருந்தியது. அக்கலங்களின் ஓரங்களில் மூடிய கோடும் திறந்த கோடும் உரசி, அறுந்து, மாறி இணைகையில் வாயு உந்தித் தள்ளப்படுகிறது என்பது 2023-இல் வெளியான விளக்கம்.

“நம் ஆதித்யா எல்-1 துளைகளைப் படமெடுக்கிறதா?” – மாணவர், திருச்சி

வட்டின் மேலே இருக்கும் துளையை அது நேரடியாகக் காட்டாது. அதன் சூட் தொலைநோக்கி 2,000 – 4,000 ஆங்ஸ்ட்ராம் அலைநீளத்தில் கீழடுக்குகளைப் பார்க்கிறது. வெல்க் கருவி வட்டை மறைத்து, விளிம்புக்கு வெளியே உள்ள கரோனாவைப் பார்க்கிறது. வால்ட்மையர் பயன்படுத்திய அதே 5303 பச்சைக் கோடு அதிலும் உண்டு. துளையிலிருந்து வரும் காற்றை அளக்க ஆஸ்பெக்ஸ், பாப்பா என்ற இரு கருவிகள் கலத்தில் இருக்கின்றன.

“கிரகணத்தின்போது துளையைக் கண்ணால் பார்க்கலாமா? 2027 ஆகஸ்ட் 2 முழு கிரகணத்துக்கு இங்கே காத்திருக்கிறோம்.” – வாசகர், ஜித்தா

துருவத் துளைகளைப் பார்க்கலாம். நல்ல இடத்தில் இருக்கிறீர்கள். முழு மறைப்பு அங்கே 5 நிமிடத்துக்கு மேல் நீடிக்கும். தமிழ்நாட்டில் 2010-இலும் 2019-இலும் வந்தவை கங்கண கிரகணங்கள். அவற்றில் கரோனா தெரியாது. கரோனாவின் வடிவம் சூரியச் சுழற்சியைப் பொறுத்தது, அதாவது சூரியனின் செயல்பாடு ஏறக்குறைய 11 ஆண்டுக்கு ஒருமுறை கூடிக் குறைவதை. உச்சத்தில், 1980 பிப்ரவரி 16 இந்தியக் கிரகணத்தைப் போல, எல்லாப் பக்கமும் கதிர்கள் பரவி வட்டமாகத் தெரியும். தணிவை நெருங்கிய 1995 அக்டோபர் 24 கிரகணத்தில் இரு பக்கமும் இறக்கை விரித்து, துருவங்களில் வெறிச்சென்று இருந்தது. இப்போதைய சுழற்சி 2024-இல் உச்சத்துக்கு வந்துவிட்டது. 2027 இறங்குமுகம், துருவத் துளைகள் மீண்டும் வளரும் காலம்.

முழு மறைப்பு தொடங்கிய பிறகு மட்டும் கிரகணக் கண்ணாடியைக் கழற்றுங்கள். முதல் அரை நிமிடம் கண் இருட்டுக்குப் பழகட்டும். பிறகு 7 அல்லது 10 மடங்கு இருகண்ணோக்கியை வட, தென் துருவ ஓரங்களுக்குத் திருப்புங்கள். மங்கலான இடைவெளியில் காந்தத்தைச் சுற்றிச் சிதறிய இரும்புத் தூள் போல மெல்லிய கீற்றுகள் விசிறியாக விரிந்து நிற்கும். அந்தக் கீற்றுகள்தான் திறந்த காந்தக் கோடுகளின் தடம். மறைப்பு முடிய 20 வினாடி இருக்கும்போதே இருகண்ணோக்கியைக் கீழே இறக்கிவிடுங்கள்.